இரண்டு பேர் திருப்பிய சாவி

மாடி வீட்டு அக்காவின் கணவர் காரை அடிப்பதைத்தான் நான் முதலில் பார்த்தேன். தொண்ணூறுகளின் பின்பாதி அது. கல்யாணமாகி, மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்த என் கணவரோடு கல்கத்தாவின் பெஹாலா பகுதியில் குடியேறிச் சில நாட்களே ஆகியிருந்தன. காலையில் ஜன்னலோரம் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். வெளியே சந்தில், சாக்கடையின் செங்கல் விளிம்பை ஒட்டி நின்ற பழைய வெள்ளைக் காருக்குள் ஒருவர் உட்கார்ந்து ஸ்டியரிங்கை இரண்டு கைகளாலும் மாறி மாறிக் குத்திக்கொண்டிருந்தார். சாவி திரும்பவில்லை. இறங்கினார். கதவை எட்டி உதைத்தார். இன்னொரு முறை உட்கார்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, சாவியைத் திருகினார். பக்கத்தில் நின்ற பெண் குனிந்து என்னவோ மெதுவாகச் சொன்னாள். அவர் திரும்பிப் பார்த்த வேகத்திலேயே அவள் கன்னத்தில் அறைந்தார். அந்தச் சத்தம் ஜன்னல் வரைக்கும் கேட்டது. அவள் கன்னத்தைத் தொடவில்லை. அவர் நகர்ந்ததும் உள்ளே உட்கார்ந்தாள்; இடது கையால் ஸ்டியரிங்கை ஒரு பக்கமாக அழுத்திப் பிடித்தாள்; வலது கையால் சாவியைத் தொட்டாள். எஞ்சின் ஓடியது. அவர் நன்றிகூடச் சொல்லாமல் ஏறிப் போய்விட்டார். அவள் வாசலில் நின்று என்னைப் பார்த்தாள். நான் கீரையைப் பார்த்தேன்.

அந்தக் கார் அவளுடைய அப்பாவுடையது. துறைமுகத்தில் அதிகாரியாக இருந்தவர். ஓய்வு பெற்று மதுரைக்குப் போகும்போது மகளிடம் விட்டுவிட்டுப் போயிருந்தார். அக்கா பிறந்து வளர்ந்தது பவானிபூரில். வீட்டுக்குள் தமிழ், வாசற்படி தாண்டினால் வங்காளம் என்று வளர்ந்தவள். அவள் பேசுகிற தமிழில் இடையிடையே வங்காளம் வந்து உட்கார்ந்துகொள்ளும். கல்லூரி நாட்களிலேயே அந்தக் காரை ஓட்டியிருக்கிறாள். அதனால் அதன் குணம் அவளுக்குத் தெரியும். சாவியை எடுத்துவிட்டால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். முன்சக்கரம் எதன்மீதாவது முட்டி நின்றால், அந்த அழுத்தம் முழுக்கப் பூட்டின் மேல் விழுந்து சாவி அசையாது. ஸ்டியரிங்கை அழுத்தம் தளர்கிற பக்கமாக ஒரு விரல்கடை திருப்பி, அப்படியே பிடித்துக்கொண்டு, சாவியை நோகாமல் திருப்ப வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய வேண்டும். பலம் காட்டினால் சாவி வளையும், இல்லையென்றால் உள்ளேயே முறியும். மெக்கானிக் வந்து பூட்டையே மாற்றிவிடலாம் என்றதற்கு, "என் கைக்கு வராதது உன் கைக்கு வருமோ?" என்று அக்காவின் கணவர் அவனை விரட்டிவிட்டார்.

வெளியில் அவர் மிகவும் தன்மையான மனிதர். கீழ்த்தளத்தின் மறுபாதியில் இருந்த வீட்டுக்காரம்மாவை நாங்கள் எல்லோரும் மாஷிமா என்று, பெரியம்மா என்கிற மாதிரி, கூப்பிடுவோம். அவளுடைய காய்கறிப் பையை வாங்கித் தூக்கி வருவார். துர்கா பூஜைக்குப் பந்தல் போட வரும் இளைஞர்களோடு நின்று சிரித்துப் பேசுவார். மாடியில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்கும். அப்புறம் எதுவோ சுவரில் மோதும். மாஷிமா எழுந்து போய் டிவியின் சத்தத்தைக் கூட்டுவாள். என் கணவர் செய்தித்தாளை இறக்காமலேயே, "நமக்கெதுக்கு? டிரான்ஸ்ஃபர்ல வந்தவங்க நாம" என்பார். ஒரு மத்தியானம் மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது அக்காவின் ரவிக்கைக்குக் கீழே முதுகில் பெல்ட்டின் கொக்கி அப்படியே பதிந்திருந்ததைப் பார்த்தேன். நான் பார்த்ததை அவளும் பார்த்துவிட்டாள். "காலையில ஆபீஸ் போறப்போ அவர் ரொம்ப நல்லவர்" என்று சொல்லிவிட்டு, ஒரு புடவையை உதறி எங்களுக்கு நடுவில் போட்டாள்.

எல்லாம் உடைந்தது ஒரு விடுமுறை நாளின் முற்பகலில். பூஜைக்கு முந்திய வாரங்கள், விட்டு விட்டு மழை. என் கணவர் அலுவலக வேலையாக வெளியூர் போயிருந்தார். மேலே அக்காவின் கணவருடைய குரல் உயர்ந்துகொண்டே போனது. பவானிபூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் அவளுக்கு ஆசிரியை வேலை கிடைத்திருந்தது, அதை அன்றைக்குத்தான் சொல்லியிருக்கிறாள் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். பாத்திரங்கள் விழுந்தன. ஒரு கதவு அறைந்து மூடியது, மறுபடி மூடியது. அதற்குப் பிறகு வந்த அலறலை ஒரு மனுஷியினுடையது என்று புரிந்துகொள்ளவே எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. மாஷிமாவின் வீட்டில் டிவி சத்தம் கூடியது. நான் என் வாசற்கதவைத் திறந்தேன். அக்கா வெறுங்காலோடு படியில் இறங்கி வந்துகொண்டிருந்தாள். வலது கை மணிக்கட்டுக்குக் கீழே தனியாகத் தொங்கியது. கதவிடுக்கில் வைத்து நசுக்கியிருந்தார். இடது கையில் கார் சாவி. பின்னால் ஒரு சத்தமும் இல்லை. அவளைத் தள்ளிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போயிருந்தாராம்.

"நீ வா. எனக்கு உன் கை வேணும்" என்றாள்.

எங்கே என்று நான் கேட்கவில்லை. செருப்பைப் போட்டுக்கொள்ளவும் தோன்றவில்லை. அவள் ஓட்டுநர் இருக்கையில் ஏறினாள், நான் சுற்றிக்கொண்டு ஓடி இடப்பக்கம் ஏறினேன். கதவுகளைப் பூட்டச் சொன்னாள். சாவித் துளை ஸ்டியரிங்குக்கு வலப்புறத்தில் இருந்தது. ஒடிந்த கையை மடியில் போட்டுக்கொண்டு, இடது கையைக் குறுக்கே நீட்டிச் சாவியை நுழைத்துத் திருப்பினாள். அசையவில்லை. முதல் நாள் அவர் காரை விட்டுப்போன விதத்தில் முன்சக்கரம் செங்கல் விளிம்பில் ஏறி நசுங்கி நின்றது. அவள் இன்னும் பலமாகத் திருப்பினாள். உதட்டைக் கடித்திருந்தாள், உதடு கிழிந்து தாடையில் ரத்தம் வழிந்தது.

அப்போது அவர் வெளியே வந்தார். வரும்போதே கேட்டுக்குக் குறுக்கே போடுகிற இரும்புப் பட்டையை உருவிக்கொண்டு வந்தார். முதல் அடி முன்கண்ணாடியில் விழுந்தது. கண்ணாடி முழுக்க ஒரே நொடியில் வெள்ளையாகப் பூத்தது. எதிரே சந்து தெரியவில்லை. அடுத்தது கூரையில். நான் காதைப் பொத்திக்கொண்டு குனிந்தேன். மூன்றாவது அடியில் அவள் பக்கத்து ஜன்னல் நொறுங்கி எங்கள் இருவர் மடியிலும் கொட்டியது. அவர் பட்டையைக் கீழே போட்டுவிட்டு, கையை உள்ளே விட்டு, அவள் பின்னலைச் சுருட்டிப் பிடித்து, தலையைக் கதவுச் சட்டத்தில் மோதினார். ஈரத் தேங்காயைத் தரையில் போட்டதுபோல ஒரு சத்தம். மறுபடியும் மோதினார். அக்காவின் இடது கை சாவியிலிருந்து விலகவில்லை.

"பலமா திருப்பினா உடைஞ்சிடும்" என்றாள். என்னிடம் சொல்கிறாளா, தனக்கே சொல்லிக்கொள்கிறாளா என்று தெரியவில்லை. தலை ஜன்னல் பக்கமாக இழுபட்டு, கழுத்து நரம்பெல்லாம் புடைத்திருந்தது. "ஸ்டியரிங்கைப் பிடி. ரெண்டு கையாலும். உன் பக்கமா இழு."

இழுத்தேன். வரவில்லை.

"இந்தப் பக்கம் இல்ல. என் பக்கமாத் தள்ளு. தள்ளிட்டு அப்படியே பிடிச்சுக்கோ. ஆஸ்தே."

ஆஸ்தே என்றால் மெதுவாக. எனக்கு வங்காளத்தில் தெரிந்த சில சொற்களில் அது ஒன்று. அவர் அவளைத் தலைமுடியோடு ஜன்னல் வழியாக வெளியே இழுத்துக்கொண்டிருந்தார், அவள் என்னிடம் மெதுவாக என்றாள். நான் பாதி எழுந்து, தோளைக் கொடுத்துத் தள்ளினேன். ஸ்டியரிங் ஒரு துளி நகர்ந்து, உள்ளே ஏதோ தளர்ந்தது கைக்குத் தெரிந்தது. அப்படியே நின்றேன். அவள் விரல்கள் சாவியை விட்டு, மறுபடி தொட்டு, ஒரு குழந்தையின் காதைப் பிடிப்பதுபோலத் திருப்பின. திரும்பிவிட்டது. எஞ்சின் ஒருமுறை இருமி, பிறகு பிடித்துக்கொண்டது.

அவள் கியரைத் தட்டினாள். கார் குதித்து விளிம்பிலிருந்து இறங்கியது. அவர் பின்னலை விடாமல் கூடவே ஓடி வந்தார். நான்கைந்து எட்டுக்குப் பிறகு கால் வழுக்கியது. ஒரு கற்றை முடி அவர் கையோடு போனது. அவர் விழுந்ததை நான் பார்க்கவில்லை. பின்சக்கரம் எதன்மீதோ ஏறி இறங்கியது. அதற்குப் பிறகு கேட்ட கத்தல் அவருடையது.

"நிறுத்துங்க அக்கா, நிறுத்துங்க!"

சந்து முனையில் நிறுத்தினாள். பின்னால் பார்க்கிற கண்ணாடியில் வெகுநேரம் பார்த்தாள். நெற்றியிலிருந்து வழிந்த ரத்தம் ஒரு கண்ணை மூடியிருந்தது. "காலுதான். உயிரோட இருக்கான்" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து 'அவர்' என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லாத வாய். பிறகு என் பக்கத்து ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்து, "கண்ணாடியைத் தள்ளி விடு, ரோடு தெரியணும்" என்றாள். நான் முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு, விரிசல் விட்ட முன்கண்ணாடியை உள்ளிருந்து குத்தி ஒரு ஓட்டை போட்டேன். அந்த ஓட்டை வழியாக மழை அடிக்க, அவள் கியர் மாற்றும்போதெல்லாம் நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்ள, ஒரு காருக்கு இரண்டு ஓட்டுநர்களாக டிராம் பாதை ஓரமாகவே ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தோம். வழியெல்லாம் ஜனங்கள் நின்று பார்த்தார்கள்.

கைக்குக் கட்டுப் போட்டு முடிப்பதற்குள் போலீஸ் வந்துவிட்டது. மனைவி தன்னைக் காரேற்றிக் கொல்லப் பார்த்தாள் என்று அவர் படுக்கையிலிருந்தபடியே புகார் கொடுத்திருந்தார். கணுக்கால் எலும்பு நொறுங்கியிருந்தது. சாயங்காலம் காவல் நிலையத்தில் எங்களை உட்கார வைத்தார்கள். விசாரித்த அதிகாரி கெட்டவர் இல்லை, களைத்துப்போனவர். "புருஷன் பொண்டாட்டி சண்டையில கார் எதுக்கு வந்தது?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அக்கா நடந்ததைச் சொன்னாள். நான் அரைகுறை இந்தியில் சொன்னேன். சாவி திரும்பவில்லை என்பதை அவர் நம்பவில்லை. வேண்டுமென்றே காத்திருந்து ஏற்றியிருக்கிறீர்கள் என்றார். ஸ்டியரிங் பூட்டு என்று நான் சொல்ல வந்ததை எழுதிக்கொள்ளவும் இல்லை.

அந்த நேரத்தில்தான் மாஷிமா வந்தாள். டிவியைக் கூட்டி வைக்கிற மாஷிமா. "மானியே நாவ், பொறுத்துப் போ" என்று அக்காவுக்குப் புத்தி சொல்லிக்கொண்டிருந்த மாஷிமா. குடையில்லாமல் நனைந்து வந்திருந்தாள். பழைய செய்தித்தாளில் சுற்றிய நீளமான ஒன்றை மேஜைமேல் வைத்துப் பிரித்தாள். இரும்புப் பட்டை. அதன் நுனியில் கண்ணாடித் தூளும், ஒட்டிய வெள்ளை பெயின்ட்டும்.

"இது என் கேட்டோடது" என்று வங்காளத்தில் சொன்னாள். "அவன் உருவினதை ஜன்னல்ல நின்னு பார்த்தேன். இதுக்கு முன்னாடி நடந்ததையும் பார்த்திருக்கேன். எல்லாத்தையும் எழுதிக்கோங்க, நான் கையெழுத்துப் போடறேன்."

அதிகாரி அவளை உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை. எழுதி முடிக்கும்வரை நின்றாள். தண்ணீர் சொட்டி அவள் காலடியில் குளமாக நின்றதை அக்கா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

வழக்கு அலிப்பூர் கோர்ட்டில் வருஷக்கணக்கில் இழுத்தது. அவள் மேலிருந்த புகார் நிற்கவில்லை, விவாகரத்துக்குத்தான் நாளானது. சாட்சி சொல்ல நானும் போனேன். என் கணவர் முதலில் முகம் சுளித்தார், அப்புறம் லீவு போட்டுவிட்டுக் கூடவே வந்து வராந்தாவில் நின்றார். ஊன்றுகோலோடு வந்த அந்த மனிதர் எல்லோருக்கும் வணக்கம் சொன்னார், கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு வயதான ஒரு வக்கீலுக்கு வழிவிட்டார். பார்த்தவர்கள் நம்பியிருக்க மாட்டார்கள். அக்காவின் மணிக்கட்டு கோணலாகவே கூடியது. கரும்பலகையில் இடது கையால் எழுதப் பழகிக்கொண்டாள். காரை அந்த மழைக்காலத்திலேயே பழைய இரும்புக்காரர்கள் வந்து இழுத்துக்கொண்டு போனார்கள்.

எங்களுக்குச் சென்னைக்கு மாற்றலாகி, இரண்டாயிரத்துக்குப் பிறகு பல வருஷம் கழித்துத்தான் கல்கத்தா போக முடிந்தது. மாஷிமா அப்போது இல்லை. பவானிபூரில், அக்கா வேலை பார்த்த பள்ளிக்கூடத்தின் வாசலில் காத்திருந்தேன். இடைவேளை மணி அடித்ததும் பிள்ளைகள் கூட்டத்துக்கு நடுவே வந்தாள். தலை நரைத்திருந்தது. நெற்றியில் தழும்பு. எதிர்க்கடையில் நின்று மண் குவளையில் டீ குடித்தோம். போன மாதம் அவர் இதே வாசலுக்கு வந்தார் என்றாள். உடம்பு முடியவில்லை, பார்த்துக்கொள்ள ஆளில்லை, பழசை மறந்துவிடலாம் என்றாராம். முடியாது என்று அவள் சொன்னதும் ஊன்றுகோலை ஓங்கினாராம், பிள்ளைகள் எல்லோரும் பார்க்க. அவள் நகரவில்லையாம். கோல் காற்றிலேயே நடுங்கி, தானாக இறங்கியதாம்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"வெயிலா இருக்கு, பார்த்து வீட்டுக்குப் போங்கன்னேன்."

"அவ்வளவு மரியாதையா?"

அக்கா குவளையைக் கூடையில் போட்டாள். அது உடைந்தது. "ஆமா. அவர் யாரோ எவரோதானே. முன்னப்பின்னத் தெரியாதவங்களை அப்படித்தானே பேசணும்?" என்றாள். பிறகு மணிக்கட்டைத் திருப்பி நேரம் பார்த்துவிட்டு, அடுத்த வகுப்புக்குப் போனாள்.