சலீமா மேடம் வீட்டு வெள்ளிக்கிழமைச் சமையல்

சலீமா மேடம் இறந்துவிட்டார்.

காலையில் டிபன் டூட்டியில் நிற்கும்போது பஹ்ரைனிலிருந்து அஷ்ரஃப் பாய் போன் செய்தார். கீழக்கரைக்காரர், மேடம் வீட்டு டிரைவர். "தம்பி, மேடம் நேத்து காலையில மவுத்தாயிட்டாங்க. சாயங்காலமே அடக்கியாச்சு" என்றார். டிபன் வரிசை நின்றுகொண்டிருந்தது, போனை வைத்துவிட்டேன்.

நான் இப்போது அபுதாபி பக்கம் ருவைஸில் ஒரு கேம்ப் மெஸ் குக். அதற்கு முன் ஒன்பது வருஷம் பஹ்ரைனில் மனாமாவில், குதைபியா பக்கம், மேடத்தின் சமையலறையில் நின்றவன்.

பேரை வைத்து முஸ்லிம் வீடு என்று நினைத்துத்தான் சேர்ந்தேன். யூதர் வீடு. பல தலைமுறைக்கு முன் பாக்தாத்திலிருந்து வந்து பஹ்ரைனிலேயே தங்கிவிட்ட குடும்பம். பிள்ளைகள் லண்டன் போய்விட, அவ்வளவு பெரிய வீட்டில் மேடம் மட்டும்...

சேர்ந்து ஆறு மாதம் இருக்கும். நாலு வருஷமாக வராத மகன் குடும்பத்தோடு வந்தார். வெள்ளிக்கிழமை விருந்து.

அவர்கள் முறைப்படி அறுத்த கறி அங்கே கிடைக்காது. மகனே ஐஸ் பெட்டியில் வைத்து லண்டனிலிருந்து கொண்டுவந்திருந்தார். நான் பழைய பிரியாணி மாஸ்டர் அல்லவா... கறி மெத்தென்று இருக்கட்டும் என்று காலையிலேயே தயிரில் ஊறப்போட்டுவிட்டேன்.

பாலும் கறியும் சேரக்கூடாது என்று மேடம் முதல் நாளே சொல்லியிருந்தார். தயிரும் அதில் சேர்த்தி என்று எனக்கு உறைக்கவில்லை.

மூன்று மணிக்கு ஃபிரிட்ஜைத் திறந்து பாத்திரத்தைப் பார்த்தார். வெளியே எடுத்து ஓரமாக வைத்தார். பொழுது சாய்ந்தால் அவர்களுக்கு சபாத், ஓய்வுநாள் தொடங்கிவிடும். அப்புறம் அடுப்புப் பற்றவைக்க மாட்டார்கள். இரண்டு மணி நேரம்கூட இல்லை.

விஷயம் தெரிந்து மகன் சமையலறைக்கு வந்து இங்கிலீஷில் சத்தம் போட்டார். இவனை ஊருக்கு அனுப்புங்கள் என்றார். அந்த அளவு இங்கிலீஷ் எனக்குப் புரியும்.

மேடம் அவருக்கு அரபியில் பதில் சொன்னார். பிறகு எனக்கும் விளங்க வேண்டும் என்று இந்தியில் திருப்பிச் சொன்னார். "இந்தக் கிச்சன்ல யார் நிக்கணும்னு நான்தான் சொல்லுவேன்."

அப்புறம் என் பக்கம் திரும்பினார். "முட்டை இருக்கா? கத்திரிக்கா?"

"இருக்கு மேடம்."

"கலாஸ். யல்லா, ராஜு." அது போதும், ஆகட்டும் என்று அரபியில்.

அவரே கத்தியை எடுத்துக் கத்திரிக்காய் நறுக்கினார். நான் எண்ணெயில் பொரித்தேன். அவித்த முட்டை, உருளைக்கிழங்கு, பொடியாக அரிந்த வெள்ளரி, தக்காளி. அதோடு அம்பா... அந்த வீட்டில் மாங்காய் ஊறுகாய்க்கு அதுதான் பேர்.

வெள்ளை விரிப்பு, மெழுகுவர்த்தி, ஒயின் கிண்ணம் எல்லாம் இருந்தன. தட்டில் மட்டும் முட்டையும் கத்திரிக்காயும். பேரப்பிள்ளைகள் ரொட்டியில் சுருட்டி இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். மகன் ஊருக்குப் போகும்வரை என் முகத்தைப் பார்க்கவில்லை.

கறியை என் ரூமுக்குக் கொண்டுபோகச் சொன்னார் மேடம். ரூம்காரர்கள் சமைத்துச் சாப்பிட்டார்கள். எனக்கு இறங்கவில்லை.

அப்புறம் கொரோனா வருஷம்.

பாஸ்கா பண்டிகையில் எட்டு நாளும் புளித்த மாவு வீட்டுக்குள் வரக்கூடாது. புளிக்காத அப்பம் ஒவ்வொரு வருஷமும் பெட்டியில் வெளிநாட்டிலிருந்து வரும். அந்த வருஷம் பிளைட்டே இல்லை. பிள்ளைகளும் இல்லை, பெட்டியும் இல்லை.

பண்டிகைக்கு முந்தின நாள் மேடம் என்னிடம் வந்து, வெறும் தண்ணீரில் சப்பாத்தி போடுவாயா என்று கேட்டார். உப்பு கிடையாது, எண்ணெய் கிடையாது. மாவில் தண்ணீர் பட்டதிலிருந்து பதினெட்டு நிமிஷத்துக்குள் வெந்து இறங்க வேண்டும். தாண்டினால் புளித்த கணக்கு.

நான் பிசைந்து தேய்க்க, அவர் போனில் நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பதினொன்று தேறியது. பலகையில் மீந்த மாவை அப்படியே குப்பையில் போட்டார்.

போனில் முகம் பார்த்துக்கொண்டே சாப்பிடலாம் என்றாராம் மகன். பண்டிகை தொடங்கிவிட்டால் போனைத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டார். என்னையும் அஷ்ரஃப் பாயையும் மேசையில் உட்கார வைத்தார்.

மேசையில் இருப்பவர்களில் இளையவர் ஒரு கேள்வி கேட்பது அவர்கள் வழக்கம். நாற்பது வயதில் நான்தான் இளையவன். சொல்லிக்கொடுத்தபடி இந்தியில் கேட்டேன்... இந்த ராத்திரி மட்டும் ஏன் வேறு மாதிரி இருக்கிறது என்று.

அடிமைகளாக இருந்தவர்கள் மாவு புளிக்கக்கூட நேரமில்லாமல் எகிப்தை விட்டுக் கிளம்பிய கதையைச் சொன்னார். பாதியில் நிறுத்திவிட்டார். பிறகு பேரீச்சம்பாகில் வால்நட் போட்டு அப்பத்தோடு எங்கள் இருவர் தட்டிலும் வைத்தார். மூன்று பேரும் சாப்பிட்டோம்.

அடுத்த பாஸ்காவுக்கு முன்னாலேயே நான் ருவைஸ் வேலைக்குக் கிளம்பிவிட்டேன். பண்டிகை முடிந்ததும் போயேன் என்று கேட்டார். கம்பெனி விசா, காத்திருக்க மாட்டார்கள் மேடம் என்றேன். அது உண்மைதான். கேட்டுப் பார்த்திருக்கலாம் என்பதும் உண்மை.

போன மாதம் வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். புதிதாகச் சமைக்க வந்த பெண் வைக்கிற சோறு குழைகிறது, நீ எப்படி வைப்பாய் என்று. டூட்டி முடித்துப் பேசலாம் என்று வைத்தேன்... பேசவில்லை.

மதியம் நானே அஷ்ரஃப் பாயைக் கூப்பிட்டேன். மகன் வந்து சேர முடியவில்லையாம். "பத்து ஆம்பளைங்க சேர்ந்தாத்தான் மவுத்தானவங்களுக்கான அந்த துஆவை ஓதுவாங்களாம் தம்பி. அவங்க ஆளு ஏழு பேருதான் வந்தாங்க. என்னையக் கணக்குல சேக்க முடியாதுல்ல... ஆனாலும் கடைசி வரைக்கும் நின்னேன்" என்றார்.

பேசி முடித்து ஸ்டோர் ரூமில் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன். சூப்பர்வைசர் வந்து பார்த்தான். ஒரு சாவு என்றேன். யார், சொந்தமா என்று கேட்டான்.

மேடம் என்றேன்.

போயிட்டு வாங்க மேடம்.