பார்வைக்கு அடைத்த ஏரி

ஆந்திர மாநிலம் பிரிந்து, எல்லைக் கோடு எங்கே விழும் என்று தெரியாமல் இருந்த வருடங்கள் அவை. விஜயபுரத்துப் பக்கம் எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு அது ஒன்றுதான் பேச்சு. ஏரித் தண்ணீர் நெல்லுக்குப் போதாது என்று நான் மக்காச்சோளம் போட்டிருந்தேன். நான்கு பிள்ளைகளின் கஞ்சி அந்தக் கொல்லை நிலத்தில்தான் நின்றது.

பயிர் ஆள் உயரம் வளர்ந்து, உச்சியில் பூத்து, கதிரில் பட்டுநூல் எட்டிப் பார்த்த நேரத்தில் மதகை அடைத்துவிட்டார்கள். எல்லையைப் பார்வையிட அதிகாரி வருகிறாராம். ஏரி நிறைந்து தெரிந்தால்தான் ஊருக்கு மதிப்பாம். முழங்கால் தண்ணீரை நிறைந்த ஏரி என்று காட்டப் புறப்பட்ட மூளைகள்.

கிராம முன்சீப்பிடம் போய்க் கேட்டேன்.

"பத்து நாள் பொறுத்துக்க மாட்டியா? படிச்சவன்தானே நீ?"

"பூ விட்டிருக்குதுங்க. இப்ப தண்ணி காட்டலன்னா மணி புடிக்காது."

"பச்சையாத்தானே நின்னுகினு இருக்குது. கேவுரு வாடிக் கெடந்தாலும் மழை வந்தா எழுந்துக்குது. உன்னுது மட்டும் இன்னா, ஜமீன்தார் வூட்டுப் பொண்ணா?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். வெட்கம் கெட்டு நானும் சிரித்தேன். அதிகாரியிடம் கொடுக்க இங்கிலீஷில் மனு எழுதித் தரச் சொன்னார்கள். 'வற்றாத ஏரி' என்று எழுதிக் கொடுத்தேன்.

அதிகாரி பன்னிரண்டாம் நாள் வந்தார். ஜீப்பை விட்டு இறங்கி மோர் குடித்தார், மனுவை வாங்கிக்கொண்டார். ஏரிக்கரை மேல் ஏறவே இல்லை. மதகைத் திறந்தபோது பட்டுநூல் கருகியிருந்தது. அப்புறம் பாய்ந்த தண்ணீரில் இலை மட்டும் தழைத்தது. முன்சீப் அதைக் காட்டி, "பாத்தியா, எழுந்துக்கிச்சு" என்றார்.

அறுத்து உரித்தால் கதிருக்குப் பத்து மணி, இருபது மணி. பாதிக்கு மேல் வெறும் சக்கை. என் மனைவி ஒன்றை உரித்துப் பார்த்துவிட்டு, "மனு நல்லா எழுதனீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

அந்தச் சோளம் நான்கு பேருக்குக் காணாது. பத்து வயது மூத்தவளைப் பாகாலாவில் என் மைத்துனர் வீட்டில் விடக் கூட்டிப்போனேன். ரயிலில், "நைனா, அங்க ரெண்டு வேளையும் துன்னலாமா?" என்றாள். துன்னலாம் என்றேன். எதிரே உட்கார்ந்திருந்த இருவர் எந்த ஊர் எந்தப் பக்கம் என்று திருப்பதி வரை சண்டை போட்டார்கள். அவர்கள் முகத்தில் துப்பலாம் போலிருந்தது. அவள் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.