ரெண்டு கைக்கும் சேர்த்துத்தான் சம்பளம்

இடுப்பு கழன்று விழுகிற மாதிரி வலி. பதினாறு வயதிலிருந்து மூட்டை தூக்கிய இடுப்பு. அதற்கு நடிக்கத் தெரியாது, எனக்கும் கதை கட்டத் தெரியாது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். பேய் என்றால் ராத்திரிதான் வரும் என்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். எனக்கு நடந்தது பட்டப்பகலில். மதியம் இரண்டே கால்.

மூட்டையிலிருந்து தப்பிக்கத்தான் எலக்ட்ரானிக்ஸ் ரிப்பேர் கற்றுக்கொண்டேன். ஒரு வீடியோ கேம் கடையில் மெக்கானிக் வேலை காலி என்றார்கள். போனால், மூலையில் ஆள் உயரத்துக்கு ஒரு பழைய மரப்பெட்டி. முன்னால் திரை, ஒரு குச்சி, இரண்டு பட்டன். காசு போட்டு நின்றுகொண்டே ஆடுகிற அந்தக் காலத்து விளையாட்டு.

"இன்னிக்கு இதை ஓட வச்சிட்டா நீ பெர்மனன்ட். இல்லன்னா போய் மூட்டையே தூக்கு," என்றார் முதலாளி.

பிளக்கைப் பிடுங்கிப் போட்டேன். பின்பக்கப் பலகையைக் கழற்றினேன். பிக்சர் டியூப் வைத்த பெட்டியில் கரண்டை நிறுத்தினாலும் உள்ளே கொஞ்சம் தங்கியிருக்கும். அதனால் எங்கள் தொழிலில் ஒரு பழக்கம். வலது கை மட்டும் உள்ளே போகும். இடது கை முதுகுக்குப் பின்னால். இரண்டும் உள்ளே போனால் கரண்ட் நெஞ்சு வழியாகப் பாயும்.

"என்னப்பா, ஹெட்மாஸ்டர் ரவுண்ட்ஸ் வர்ற மாதிரி கையைக் கட்டிக்கிட்டு? ரெண்டு கைக்கும் சேர்த்துத்தான் சம்பளம்."

"சம்பளமே இன்னும் பேசலையே முதலாளி."

"வாய் மட்டும் நாலு கை வேலை பார்க்குது."

ஷட்டரை இழுத்துவிட்டுச் சாப்பிடப் போனார். உள்ளே நான் ஒருத்தன். ஒரு டார்ச். காலையில் துடைத்த தரை அந்த மூலையில் இன்னும் காயவில்லை. அதில்தான் முட்டி போட்டிருந்தேன்.

முதலில் ஈயம் உருகுகிற வாசம் வந்தது. என் சால்டரிங் அயர்ன் பைக்குள்ளேயே கிடந்தது.

அப்புறம் சத்தம். டக்... டக்...

முன்பக்கத்துப் பட்டன். எழுந்து போய்ப் பார்த்தேன். யாரும் இல்லை. குச்சி மட்டும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

எலியாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். எலி பட்டன் அமுக்குமா என்று நானே கேட்டுக்கொள்ளவில்லை.

திரும்பி வந்து போர்டில் வெளிச்சம் அடித்தேன். கொஞ்சம் முன்னால் விட்டுப்போய்க் கிடந்த ஒரு ஜாயின்ட்டில் புது ஈயம் பளபளத்தது. தொட்டேன்.

சுட்டது.

போர்டை வெளியே இழுத்தேன். சிக்கிக்கொண்டது. முதலாளி வந்துவிடுவார். இடது கையையும் விட்டேன், டியூப்பின் இரும்புச் சட்டத்தைப் பிடித்துக்கொள்ள. ஒரு விரற்கடை இருக்கும்...

யாரோ என் மணிக்கட்டைப் பிடித்தார்கள்.

முறுக்கவில்லை. மெதுவாக... முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தார்கள்.

அந்தக் கட்டைவிரல் நுனி காய்த்திருந்தது. சூடு பட்டுப் பட்டு. என் விரல் மாதிரியே.

காதுக்குப் பக்கத்தில்...

"ஒரு கை."

பிடி விட்டது.

திரும்பிப் பார்க்கவில்லை. தைரியம் இல்லை. வலது கையால் டெஸ்டரை எடுத்து அந்தச் சட்டத்தில் வைத்தேன்.

டெஸ்டர் விளக்கு பளிச்சென்று எரிந்தது.

பிளக் என் முட்டிக்குப் பக்கத்தில் கிடந்தது.

மேலே டார்ச் அடித்தபோதுதான் தெரிந்தது. பெட்டி உச்சியில் இருந்த பெயர்ப் பலகை விளக்குக்கென்று கூரையிலிருந்து தனியாக ஒரு வயர் இழுத்திருந்தார்கள். தோல் உரிந்து சட்டத்தில் உரசிக்கொண்டிருந்தது.

முதலாளி வந்ததும் காட்டினேன். வயரைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. "கழட்டி எறி. வெளிய பேசாத. நீ பெர்மனன்ட்." எப்படி இருக்கிறேன் என்றுகூடக் கேட்கவில்லை. வயரைக் கழற்றி எறிந்தேன். சாயங்காலம் பெட்டி ஓடியது.

மறுநாள் காலையில் கடை பெருக்குகிற அக்கா அதன் முன்னால் துடைப்பத்தோடு நின்றுவிட்டாள்.

"ஓடுதா... எங்க வீட்டுக்காரர் கடைசியா பார்த்த வேலை தம்பி இது. பின்னாடிதான் கிடந்தாராம். நெஞ்சு வலின்னு சொன்னாங்க. முதலாளி புண்ணியத்துல எனக்கு இந்த வேலையாவது கிடைச்சுச்சு."

அவள் என் பக்கம் திரும்பினாள்.

"ஒண்ணுதான் எனக்கு விளங்கல. வலது கை நல்லாத்தான் இருந்துச்சு. இடது உள்ளங்கை மட்டும் கரிக்கட்டையா இருந்துச்சு. நெஞ்சு வலிக்கு கை ஏன் கருகணும்? நீங்களும் மெக்கானிக்தானே, சொல்லுங்களேன்."

கல்லாவிலிருந்து முதலாளி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியலக்கா," என்றேன்.

அவள் குனிந்து பெருக்க ஆரம்பித்தாள்.

சம்பளம் மாதாமாதம் ஒழுங்காக வருகிறது. மூட்டை தூக்குவதில்லை. அந்த அக்காவுக்கு மட்டும் ஒரு பதில் இன்னும் நான் பாக்கி.