கரையோடு நின்றிருக்க வேண்டிய நாய்

ஞாயிறு காலைகளில் நானும் என் கணவரும் புத்தூரிலிருந்து கிளம்பி, கொள்ளிடக் கரையின் சரளைக்கல் பாதையில் சைக்கிள் ஓட்டுவோம். வழியில் இருக்கும் டீக்கடை நாய்க்கு நான் பிஸ்கட் போடுவது வழக்கம். மணியடித்தாலே ஓடி வரும். முதலில் கடை வாசலோடு நின்றது. பிறகு ஒவ்வொரு வாரமும் இன்னும் கொஞ்ச தூரம் எங்கள் பின்னாலேயே வந்தது.

"நமக்கு பாடிகார்டு கிடைச்சாச்சு" என்று இவர் சிரிப்பார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

போன மாதம் கரைப்பாதை முடிந்து மெயின் ரோட்டில் ஏறினோம். நாய் திரும்பிப் போயிருக்கும் என்றே நினைத்தோம். பின்னால் லாரி பிரேக் போட்ட சத்தம் கேட்டது.

அதன் உடலை என் துப்பட்டாவில் சுற்றித் தூக்கிக்கொண்டு போய், கடைக்கார அம்மாவிடம் கொடுத்தோம். அவர் திட்டவில்லை. "ரோட்டைக் கண்டாலே பயப்படுமேம்மா, அங்க எப்படிம்மா போச்சு?" என்று அழுதார்.

இப்போது எந்த நாய் பின்தொடர்ந்தாலும் இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே அதன் இடத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டுத்தான் மேலே போகிறோம். அந்தக் கடையைத் தாண்டும்போது மட்டும் நான் மணியில் கை வைப்பதே இல்லை.