படத்தின் ஓரத்தில் நின்றவர்

வெள்ளம் வடிந்த வாரத்தில் மதினி எங்கள் மொட்டைமாடிக் கொடியில் புகைப்படங்களைக் காயப்போட்டிருந்தார். துணிக்கு மாட்டும் கிளிப்புகளில் வரிசையாகத் தொங்கிய அவற்றில் ஒன்றிலும் முகமில்லை. தாமிரபரணி அவர் வீட்டுக்குள் வந்து தங்கிவிட்டுப் போனதில் ஆல்பத்தின் படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. பிரித்தபோது வண்ணம் உரிந்து வந்துவிட்டது. ஒன்றில் பட்டுச்சேலையின் கரை மட்டும் மிஞ்சியிருந்தது, இன்னொன்றில் வேட்டி கட்டிய கால்கள்.

மதினி எனக்கு உறவில்லை, பக்கத்து வீடு. அவர் கணவரை நான் அண்ணன் என்று கூப்பிட்டதால் இவர் மதினியானார். அண்ணன் கல்யாண வீடுகளுக்குச் சமைக்கப் போகும் தவசுப்பிள்ளை. முந்தைய ஆனி மாதம் மாரடைப்பில் போய்விட்டார். காமிராவைக் கண்டாலே நழுவிவிடுகிற மனிதர், அதனால் இருந்த படங்களே கொஞ்சம். மதினியின் போனும் தண்ணீரோடு போயிற்று. மிச்சமிருந்தது ஆதார் அட்டையிலிருந்த முகம்தான். அதைப் பெரிதாக்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். "இது அவிய இல்லளா" என்று திருப்பித் தந்துவிட்டார்.

நான் கல்யாணங்களுக்குப் படம் எடுப்பவள். என் கம்ப்யூட்டர் மாடியில் இருந்ததால் தப்பியது. பாளையங்கோட்டையில் நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு புகைப்படக் கண்காட்சி வைப்பதாக இருந்தோம். அதற்காக அத்தனை வருடப் படங்களையும் முதலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எந்தப் படம் ஒருவரை நிறுத்திப் பார்க்க வைக்கும் என்பதுதான் என் கேள்வி. பொதிகையில் இறங்கும் மேகம், விடியலில் ஆற்றுப்பாலம், மணப்பெண்ணின் கலங்கிய கண் என்று சிலவற்றை எடுத்து வைத்து, வருகிறவர்களிடம் காட்டினேன். பேச்சைக் கேட்காமல் அவர்கள் கண்களையே கவனித்தேன். வாய் "நல்லாருக்கு" என்று சொல்லி முடிப்பதற்குள் கண் அடுத்த படத்துக்குப் போயிருந்தது.

கொடியிலிருந்தவற்றை எடுக்க வந்த மதினி ஒருநாள் என் பின்னால் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். மேகமும் பாலமும் அவரையும் நிறுத்தவில்லை. ஏதோ ஒரு கல்யாணப் பந்தி வந்தது. மாப்பிள்ளை பெண்ணுக்கு இனிப்பு ஊட்டுகிறார். அதைத் தாண்டிப் போனேன்.

"ஏளா, பைய. முன்னால உள்ளதக் காட்டு."

காட்டினேன்.

"அங்கன, தூணுக்குப் பின்னால. அவிய நிக்காவல்லா."

தூணை ஒட்டி மங்கலாக ஒரு முதுகு, தோளில் துண்டு, ஒரு கையில் வாளி. "முகமே தெரியலையே மதினி" என்றேன்.

"முகம் எதுக்கு? வாளிய இடுப்புல முட்டுக்கொடுத்து நிக்காவ பாரு. தோள்வலி அவியளுக்கு."

நான் வெளிச்சம் பார்த்து, கோணம் பார்த்து எடுத்த படத்தின் மூலையில், நான் அறியாமலே ஒரு மனிதர் வாழ்ந்துகொண்டிருந்திருக்கிறார். அதன்பின் தினமும் மதினி வந்தார். மணமக்களை விட்டுவிட்டு ஓரங்களாகவே பார்த்துக்கொண்டு போனோம். கரண்டி பிடித்த கை, வாழையிலைக் கட்டுக்கு மேலே ஒரு நெற்றி, கூட்டத்தில் பாதிக் காது. ஒவ்வொரு முறையும் எனக்கு முன்பே மதினியின் விரல் அங்கே போய் நின்றது.

பிறகு அந்தப் படம் வந்தது. மணப்பெண்ணின் அம்மா சமையல்கட்டு வாசலில் தனியே நின்று கண்ணைத் துடைக்கிறார். அவருக்குப் பின்னால், அடுப்புப் புகையில், சமையல்காரர்கள் நடுவே அண்ணன் தலையை அண்ணாந்து வாய்விட்டுச் சிரிக்கிறார். முழு முகம்.

மதினி முந்தானையால் திரையைத் துடைத்தார். திரையில் தூசி ஒன்றும் இல்லை.

"இப்படிச் சிரிப்பாவளா? வீட்டுல அவிய சிரிச்சு நான் பாத்ததே இல்லளா."

காட்டியிருக்க வேண்டாமோ என்று பயந்துபோனேன். அவரே மெல்லச் சொன்னார்: "யார்கிட்டயோ சிரிச்சிருக்காவல்லா. அது போதும்."

கண்காட்சியில் வைக்கலாமா என்று தயங்கிக் கேட்டதற்கு, "வையி. ஆனா வெட்டிராத, அந்த அம்மாவும் நிக்கட்டும்" என்றார். பெண் வீட்டாரும் சம்மதித்தார்கள். மேகத்தையும் பாலத்தையும் எடுத்துவிட்டு இதை மாட்டினேன்.

கூட்டம் இதன் முன்னால்தான் நின்றது. முதலில் அழுகிற அம்மாவிடம் போகும் கண், பிறகு புகைக்குள் நுழையும், அங்கேயே தங்கிவிடும். ஒரு படத்துக்குள் மனிதர்கள் இப்படி நடந்துபோவதை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

மதினி பஸ் பிடித்து வந்து, சற்றுத் தள்ளி நின்றுகொண்டிருந்தார். மேலப்பாளையத்திலிருந்து வந்திருந்த பெரியவர் ஒருவர் படத்தை விட்டு நகராமல் நின்று என்னிடம் கேட்டார்: "யாரும்மா இந்தச் சிரிக்கிற மனுசர்? எதுக்கு இப்படிச் சிரிக்கார்?"

நான் வாய் திறக்குமுன் மதினி முன்னால் வந்தார்.

"எங்க வீட்டுக்காரர். எதுக்குச் சிரிச்சாவன்னு எனக்கும் தெரியாது."

பெரியவர் தலையசைத்தார். ஓரடி நகர்ந்து இடம் விட்டார். மதினி அவருக்குப் பக்கத்தில் போய் நின்றார். இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.