புயலில் ஆப்சென்ட்

போன வாரம் தஞ்சாவூரில் ஒரு கல்லூரி முதல்வரின் அறையில் உட்கார்ந்திருந்தேன். கார்டியனாக.

வேதாரண்யத்தில் படகு வைத்திருக்கும் நண்பர் முருகையனின் மகள் அபிநயா அங்கே விடுதியில் தங்கிப் படிக்கிறாள். வருகை குறைவு, ஹால் டிக்கெட் கிடையாது, பெற்றோரைக் கூட்டி வா என்றுவிட்டார்கள். முருகையன் கடலில். அதனால் நான்.

வருகை ஏன் குறைந்தது? ஐப்பசியில் புயல் எச்சரிக்கை வந்ததும், பாதுகாப்பு என்று விடுதியைக் காலி செய்து பிள்ளைகளை ஊருக்கு அனுப்பினார்கள். இவளை எங்கே? புயல் கரை கடக்கப்போகிற வேதாரண்யத்துக்கு!

அதோடு விட்டார்களா? ஆன்லைன் வகுப்பு. தஞ்சாவூரில் வெறும் தூறல் — வகுப்பு ஜோராக நடந்தது. வேதாரண்யத்தில் காற்று வரும் முன்பே கரண்ட்டை நிறுத்திவிடுவார்கள். அப்புறம் டவரும் போனது. ரோடு சரியாகி பஸ் ஓடும் வரை, கல்லூரியின் வருகைப் பதிவு ஆப் மட்டும் தவறாமல் ஆப்சென்ட் போட்டது.

"காலத்துக்கு ஏத்த மாதிரி மாற வேண்டியிருக்கு சார்" என்றார் முதல்வர். கெட்டவர் இல்லை. கரண்ட்டே இல்லையே என்றேன். ஒரு மெயில் போட்டிருக்கலாமே என்றார்.

எதில் போடுவது... தென்னை மட்டையிலா?

முன்பு கடலோரப் பிள்ளைகளுக்கு மழை நாட்களில் வாத்தியார்களே பார்த்து வருகை போடுவார்கள். விதி கிடையாது, வழக்கம். ஆப்புக்கு வழக்கம் தெரியுமா? ஸ்மார்ட் போர்டு வந்தாயிற்று, புதுப்புது கோர்ஸ் வந்தாயிற்று. மாறாதது ஒன்றுதான் — மன்னிப்புக் கடிதம்.

முதல்வர் வெள்ளைத் தாளை நீட்டினார். "இனிமே இப்படி நடக்காதுன்னு எழுதிக் குடும்மா. கையெழுத்துப் போட்டுடறேன்."

அபிநயா பேனாவை எடுக்கவில்லை.

"புயல் வராதுன்னு நான் எப்படி சார் எழுதித் தர்றது?"

கேலி இல்லை. நிஜமாகவே கேட்டாள். போச்சு, இந்த செமஸ்டர் போச்சு என்று நினைத்தேன்.

முதல்வர் கம்ப்யூட்டரில் அவளுடைய ஆப்சென்ட் தேதிகளைப் பார்த்தார். பிறகு, நடந்ததை மட்டும் எழுதச் சொன்னார். எழுதினாள். மன்னிப்பு என்ற சொல்லே அதில் இல்லை. கையெழுத்துப் போட்டார். ஹால் டிக்கெட் வந்தது.

வெளியே வந்ததும், பயமாக இல்லையா என்று கேட்டேன்.

"இருந்துச்சு மாமா. ஆனா அடுத்த வருஷமும் புயல் வந்தா, எழுதிக் குடுத்துட்டு ஏமாத்திட்டான்னு என்னைத்தானே சொல்வாங்க?"

வரும். அந்த ஆப்பும் அப்படியேதான் இருக்கும்.