நொச்சிக்கரட்டில் அண்ணனுக்குத் தீ கிடைக்கவில்லை

எங்கள் அண்ணனின் முதலாம் ஆண்டு நினைவுக்கு வந்திருக்கும் சொந்தபந்தங்களுக்குத் தங்கச்சியின் வணக்கம். அஞ்சாம் வகுப்போடு நின்றவள் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் பிறந்தது நொச்சிக்கரட்டில். சாத்தூர் ரோட்டிலிருந்து மேற்கே பிரிந்தால் வரும் சின்ன ஊர். வடக்கே கண்மாய், தெற்கே கரடு, மேற்கே மயானம், நடுவில் கரிசல். பஞ்சம் பிழைக்க வந்த நம் முன்னோர் கரட்டடியில் நல்ல தண்ணீர் கண்டு, கிணறு வெட்டித் தங்கினார்களாம். அந்தக் கிணறு உப்பாகிப்போனதும் ஒவ்வொரு குடும்பமாகத் திருத்தங்கலுக்கும் விஸ்வநத்தத்துக்கும் போய்விட்டது. பருத்திக் காடெல்லாம் பட்டாசுக் கம்பெனி ஷெட்டாயிற்று. கடைசியில் அண்ணன் மட்டும்தான் இருந்தார்கள்.

ஆள் ஏறாவிட்டால் ஊருக்கு வரும் பஸ்ஸை நிறுத்திவிடுவார்கள் என்று அண்ணன் தினமும் ஏறி, அடுத்த ஸ்டாப்பான ஓடைப்பாலத்தில் இறங்கி, வெயிலில் நடந்தே திரும்புவார்கள்.

"என்ன பெருசு, இன்னைக்கும் ஓடைப்பாலந்தானா? அங்கன பொண்ணு கிண்ணு பாத்திருக்கீகளா?" என்பார் கண்டக்டர்.

"ஊரு இருக்குன்னு ஒனக்கு ஞாபகப்படுத்தத்தான் ஏறுதேன்லே" என்பார்கள் அண்ணன்.

அவர்கள் படுக்கையில் விழுந்த மாதமே பஸ் நின்றுபோனது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னைய வேற எங்கயும் கொண்டுபோயிராத தாயி. ஒன் மதினி வெந்த இடத்துலயே நானும் போகணும்" என்றார்கள்.

தீபாவளி சீசனில் உயிர் பிரிந்தது. மயானப் பாதை இப்போது கம்பெனி வேலிக்குள் போகிறது. பெண்கள் நாங்கள் ஊர் எல்லையில், கம்பெனி கேட்டுக்குக் கூப்பிடு தூரத்தில் நின்றோம். கேட்டில் வாட்ச்மேன் கும்பிட்டபடி குறுக்கே வந்தார்.

"கொள்ளிச்சட்டிய இங்கனயே வச்சிருங்க அண்ணாச்சி. ஷெட்டு பூராம் வெடி லோடு கெடக்கு."

"அப்ப எங்கப்பாவ எதுல எரிக்க? டார்ச் லைட்டுலயா?" அண்ணன் மகன் கத்தினான்.

"எம்பொண்டாட்டியும் உள்ளதான் இருக்கா. ஒரு பொறி பறந்தா என்னாகும்?"

பாடை தூக்கியவர்கள் வீட்டுப் பெண்களும் இப்படி ஷெட்டுகளில் வேலை பார்ப்பவர்கள்தானே. பாடையைக் கேட் ஓரமாக இறக்கிவைத்தார்கள்.

திருத்தங்கல் கொண்டுபோய் எரிப்போம் என்றார்கள் சிலர். புதைப்பது நம் வழக்கமில்லை. அண்ணன் மகன் என்னிடம் வந்து, "அத்தை, நீங்க சொல்லுங்க" என்றான். கூட்டத்தில் நான் வாய் திறந்தவளில்லை. "மதினி வெந்த இடத்துலயே குழி வெட்டுங்கய்யா" என்று சொல்லிவிட்டேன். கொள்ளி வைக்காமலே பிள்ளை மண் தள்ளினான்.

இறுகிய கரிசலில் வியர்வை சிந்தி வெட்டியவர்களுக்கும், கடப்பாரை கொண்டுவந்து தந்த அந்த வாட்ச்மேனுக்கும், அண்ணனுக்குக் கஞ்சி ஊற்றிய கைகளுக்கும் நான் என்ன செய்யப்போகிறேன். கும்பிடத்தான் முடியும்.

இந்த வருஷம் மயானத்தையும் சேர்த்து வேலி போட்டுவிட்டார்கள். நேற்று ஒரு சூடம் கொளுத்தக்கூட விடவில்லை. அன்றைக்கு எரித்திருந்தால் சாம்பலாவது கையோடு வந்திருக்கும். புதைத்த அண்ணனை நான் எங்கே தூக்கிக்கொண்டு போவேன்?